சமதளம்

பழைய மைதானம் ஆற்றுப் பக்கமாய்
ஓர் ஆள் உயரம் சாய்ந்திருந்தது.
கரும்புக்குக்கூட ஆகாதென்று ஒதுக்கிய நிலம்,
அதனால் எங்களுக்குக் கிடைத்த நிலம்.
டாஸ் ஜெயித்தால் முதல் பாதி மேட்டைப் பார்த்து ஆடுவோம்.
மூச்சு வாங்கும், ஒன்றிரண்டு கோலும் வாங்குவோம்.
பிறகு இறக்கம்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து பஸ் ஏறி வந்த பெரிய கால்களெல்லாம்
எழுபதாவது நிமிடம் செருப்பறுந்த மாதிரித் தடுமாறும்.

எனக்கு அதன்மேல் பாசமில்லை.
பள்ளத்து கோலுக்குப் பின்னால் வேலி கிடையாது.
உருண்ட பந்துக்காக டாக்ஸி நிறுத்தம் வரை ஓடியவன் நான்,
இரண்டாவது கோல்கீப்பர்.

ஆகஸ்டில் டோங்காட்டுக்குப் புது அரங்கம் வந்தது.
எட்டாயிரம் நீல நாற்காலி, பாதிக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை.
நான்கு மூலைக்கும் ஒரு விரல்கடை வித்தியாசம் இல்லை என்று
பொறியாளர் மைக்கில் சொன்னார், கைதட்டினோம்.
பெஞ்சுக்குப் பதில் கார் சீட்டு,
கோப்பை வைக்க ஒரு குழி.
'ஆடாதவனுக்கு எதுக்கு இவ்வளவு மெத்தை?' என்றாள் கோகிலம்.

முதல் ஆட்டம்.
மேட்டுக்கென்று ஒரு பிடி கூடப் போட்டு
கேப்டன் தெம்பிங்கோசி உதைத்த பந்து
யாருக்காகவும் நிற்காமல் ஓடி
விளம்பரப் பலகையில் டம்மென்றது.
அரங்கமே சிரித்தது.
பூச்சியத்துக்கு மூன்று.
அடுத்தது பூச்சியத்துக்கு இரண்டு.
மூன்றாவதைச் சொல்ல மாட்டேன்.
சாய்வையே தரையென்று படித்த கால்கள்,
சமதளத்தில் தலை சுற்றின.

அக்டோபரில் கரும்புக் காட்டுக்குத் தீ வைத்தார்கள்.
சாம்பல் கறுப்பு நூல் நூலாய் இறங்கி
புது வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்தது.
காற்றூதும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு
பெக்கி நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினான்.
அவனுக்கும் தோல்விதான்.

பிப்ரவரியில் எங்கள் இடது விங் நடேசன்
பத்து நாள் விரதம், காவடி, கன்னத்தில் வேல்.
'இவனுக்குச் சத்து எங்கிருந்து வரும்?'
கோச் ஃபான் வைக் கையைப் பிசைந்தார்.
சனிக்கிழமை திருநீறு வியர்வையில் வழிய
இரண்டு பேரைத் தாண்டிப் போய்
கம்பத்தில் அடித்தான்.
கோலில்லாமல் முடிந்தது.
யாரும் முருகனைக் குறை சொல்லவில்லை.

மே, கடைசி ஆட்டம், ஒன்றுக்கு ஒன்று.
தோற்றால் கீழ்ப் பிரிவு.
எழுபத்தொன்றாவது நிமிடம் லுவாசியின் விரல் உடைந்தது.
கார் சீட்டிலிருந்து என்னை எழுப்பினார்கள்.
கையுறையில் கடை வாசனைகூடப் போகவில்லை.

எண்பத்தாறில் பெனால்டி, எங்களுக்கு எதிராக.
அவர்கள் ஆள் பந்தை வைத்தான்.
விளக்கெல்லாம் போயிற்று.
அட்டவணை பிசகாத மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்க
ஒவ்வொன்றாய் செல்போன்கள் எரிந்தன,
வயலுக்குள் யாரோ நெருப்பை எடுத்துப் போவது மாதிரி.
அந்த மங்கலில் பார்த்தேன்.
வைத்த இடத்தில் பந்து இல்லை.
அவசரமே இல்லாமல்
என்னை நோக்கி உருண்டுகொண்டிருந்தது.

காற்று இல்லை.
ஒரு கோடை மழைக்குப் பிறகு
ஆற்றுப் பக்கத்து மண்
கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது.

வெளிச்சம் வந்தது. நடுவர் பந்தைத் திரும்ப வைத்தார்.
அவன் ஓடி வந்தான். கடைசி அடிக்குள்
பந்து ஒரு நெல்லளவு நகர்ந்தது.
எட்டாவது வரிசையில் யாரோ பிடித்தார்கள்.
நான் தாவவே இல்லை.

பதினான்காம் இடம். தப்பித்தோம்.
என் பார்வைக்கே அவன் பயந்துவிட்டதாய் உள்ளூர்ப் பத்திரிகை.
வெட்டி வைத்திருக்கிறாள் கோகிலம்.

தெம்பிங்கோசியிடம் மட்டும் ஷவருக்கடியில் சொன்னேன்:
அடுத்த சீசன் டாஸ் ஜெயித்தால்
முதல் பாதி ஆற்றுப் பக்கம் நில்.
சோப்பு நுரைக்குள்ளிருந்து பார்த்தான்.
'எவ்வளவு?'
ஒரு விரல்கடை என்றேன்.