உயிர்ச் சான்று

ஒவ்வொரு நவம்பரிலும்
தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க
தண்டையார்பேட்டை வங்கிக்கு நடந்தே போவார் அப்பா.
பஸ்ஸில் போனால் சட்டை மடிப்பு கலைந்துவிடுமாம்.
கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால்
குதிகால் சேர்த்து நின்று
"இருக்கேம்மா" என்பார்.
அந்தப் பெண் நிமிராமலே முத்திரை குத்துவாள்.

இந்த நவம்பரில் நான் போனேன்.
டோக்கன் நாற்பத்தொன்று.
"பெரியவர் வர்லையா?"
மாநகராட்சி கொடுத்த தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.
அவள் நிமிர்ந்தாள்.
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக
அவளுக்கு மூக்குத்தி இருப்பதைப் பார்த்தேன்.

படிவத்தில் எழுதச் சொன்னாள்.
இறந்தவர்: ஹவில்தார் எட்டியப்பன், ஓய்வு.
மனைவி: தேசம்மாள்.

பட்டாளத்துக் கூட்டாளிகள் சிரிப்பார்களாம்,
"உனக்கு அங்கயும் தேச சேவை, இங்கயும் தேச சேவை."
அம்மாவுக்கு அந்தக் கிண்டல் ஆகாது.
"அந்தத் தேசத்துக்குப் பத்தொம்போது வர்சம்.
இந்தத் தேசத்துக்கு
வர்சத்துல ரெண்டே மாசம்."

அப்படி ஒரு ரெண்டு மாசத்தின் முதல் நாளில்
நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு
"போலீஸு வந்துக்குது" என்று கத்தினேனாம்.
நாலு வயசு.
அவர் உள்ளே வரவில்லை.
கொருக்குப்பேட்டைத் தெருக்குழாய் ஓரம்
கறுப்பு டிரங்குப் பெட்டியை வைத்து
அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்,
நானாக வந்து பூட்ஸைத் தொடும் வரை.
விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

பிறகு ஓய்வு பெற்று வந்தார்.
ராத்திரி ஏடிஎம் வாசலில் காவல்,
விடிந்தால் தண்ணி லாரிக்கு எட்டுக் குடம்,
ஏழரைக்கு எனக்கும் கஸ்தூரிக்கும் தலை பின்னல்.
பனிமலைப் பாதையில்
லாரி டயருக்குச் சங்கிலி கட்டிய விரல்கள்.
இழுத்த இழுப்பில் புருவம் மேலே ஏறும்,
சாயங்காலம் வரை ஒரு முடி அசையாது.
"யார்டி பின்னிவுட்டது?" என்பாள் பக்கத்துப் பெஞ்சு.
"எங்கம்மா."
எட்டு வருஷம் சொன்னேன் அந்தப் பொய்யை.
அவர் காதிலும் ஒருநாள் விழுந்தது.
மறுநாளும் ஏழரைக்குச் சீப்போடு நின்றார்.

சண்டையைப் பற்றிக் கேட்டால்
"செம குளிரு" என்பார், அவ்வளவுதான்.

மொட்டைமாடியில் படுத்திருப்போம்.
மணலி ஆலைச் சுடர் சில ராத்திரி
திடுமென்று உயர்ந்து வானத்தைச் சிவப்பாக்கும்.
எழுந்து வந்து எங்கள் கால் கட்டைவிரலை
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார், இந்தியில்.
ஏக். தோ. தீன். சார்.
அம்மா, கஸ்தூரி, தனக்கோட்டி, நான்.
ஒரு ராத்திரி நாலில் நிற்கவில்லை.
வெறுந்தரையைத் தொட்டுத் தொட்டு
ஒன்பது வரை போனார்.
நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.
அம்மா எழுந்து,
யாருமில்லாத அந்த இடத்தில்
தன் போர்வையை விரித்துவிட்டுப் படுத்தாள்.

எடுத்துப்போன அன்று துப்பாக்கி முழங்கவில்லை.
முன்னாள் படைவீரர் சங்கத்திலிருந்து இரண்டு பேர்,
ஒருவருக்கு மூட்டுவலி.
மூலக்கொத்தளம் போகிற வழியில்
ரயில்வே கேட் மூடியிருந்தது.
எண்ணெய் டேங்கர் வண்டி, முடிகிற மாதிரி இல்லை.
மேளக்காரர்கள் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள்.
"பல்லக்கைச் சாய்ச்சி அடியால பூந்துரலாம்" என்றான் ஒரு பையன்.
தனக்கோட்டி வேண்டாமென்று தலையாட்டினான்.
கேட் போட்டால் போட்டதுதான் அவருக்கு.
ஊரே குனிந்து நுழைந்து போகும்போது
சைக்கிளைப் பிடித்தபடி தனியாக நிற்பார்.
அன்றும் நின்றார்,
சாமந்தி உதிர உதிர,
கடைசி வேகன் போகும் வரை.

"இனிமே குடும்பப் பென்ஷன்.
அடுத்த நவம்பர்லேர்ந்து அம்மாவைக் கூட்டியாங்க,
உயிரோட இருக்காங்கன்னு பார்க்கணும்" என்றாள் மூக்குத்திக்காரி.
அப்புறம் மெதுவாக,
"உங்க அப்பா சட்டையில ஒருநாளும் கசங்கலே பார்த்ததில்ல."

நிமிராதவள் எப்போது பார்த்தாள்?

வீட்டுக்கு வந்து சொன்னேன்.
அம்மா எவ்வளவு வரும் என்று கேட்கவில்லை.
பரண்மேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைக் காட்டி
இறக்கித் தரச் சொன்னாள்.
"நடந்துதானே போவணும்?"