தட்டு எண் முப்பத்தொன்று

ராவ்மா துறைமுகத்தின் பின்பக்கம்,
ஒரு காலத்தில் மீன் கிடங்காக இருந்த கட்டடத்தில்
பன்னிரண்டு ஆண்டாகப் பிழை செய்கிறேன்.
சம்பளத்துக்கு.

சிரிக்காதீர்கள், அதற்கும் ஆள் வேண்டும்.
இரும்பை உடைக்காமல் உள்ளே பார்க்கக் கற்பவர்களுக்கு
உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமல்லவா.

கசடு கேட்டால்
முதல் ஓட்டத்தைச் சுத்தியலால் தட்டாமல் விடுவேன்.
விரிசலுக்கு ஒரு நகத்துணுக்குச் செம்புக்கம்பி:
உருகும் குளத்தில் போட்டால் போதும்,
ஆறும்போது தானே பிளந்துகொள்ளும்.
துளைகளுக்கு வாயுவை மூடிவிட்டு
மூன்று வரை எண்ணுவேன்.
பக்கச் சுவரில் பிடிக்காமல் விடுவதுதான் கடினம்.
கப்பல் தளத்தில் இருபது வருடம்
பிடிக்க வைத்தே பழகிய கை
கடைசி நொடியில் திருத்திவிடப் பார்க்கும்.
அதட்டி உட்கார வைப்பேன்.

பிறகு மேலே ஒரு மூடல் ஓட்டம்,
மீன்செதில் மாதிரி, அழகாக.
எங்கே, எவ்வளவு நீளம், எத்தனை ஆழம் என்று எழுதி,
மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்திட்டு,
ஹன்னெலெயின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும்.
அதன்பின் அது பிழையல்ல,
விடை.

தேர்வு எழுத வருபவர்களை நான் சந்திப்பதில்லை. விதி.
சன்னல் வழியே பார்ப்பேன், இடைவேளையில்
பனியில் நின்று புகைப்பார்கள்.
பொடியெழுத்தைப் படித்துக் காட்டிக் கண்ணை நிரூபித்தவர்கள்,
பயிற்சி ஏட்டில் மணிக்கணக்கை நிரப்பி
மேலாளர் பின்னால் கையெழுத்துக்கு அலைந்தவர்கள்.
யாரோ ஒருத்தியின் விரல்கள் காற்றில் ஆடும்,
இல்லாத புரோபைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் மாதம் ஒரு வியாழன்.
ஹன்னெலெ இரண்டு காப்பியோடு வந்தாள்.
இரண்டு என்றால் சேதி நல்லதல்ல.

"கொகெமாகியிலிருந்து ஒருவன், ரின்தலா.
முன்பு பால் பண்ணைத் தொட்டிகள் பழுது பார்த்தவனாம்.
முப்பத்தொன்றில் நாலு எழுதியிருக்கிறான்."

"மூன்றுதான்."

"தெரியும்."

இல்லாததை இருக்கிறதென்றால் மதிப்பெண் குறையும்.
அதனால் அவன் தோற்றிருந்தான். வாதாடவில்லையாம்.
கூழ் ஒட்டிய கையைத் துடைத்தபடி
ஒன்று மட்டும் கேட்டிருக்கிறான்:
இருநூற்றுப் பன்னிரண்டாம் மில்லிமீட்டரில்,
எதிர்ப்பக்கத்திலிருந்து, ஒரு தடவை.

ஹன்னெலெ பார்த்தாள்.
திரையில் மெல்லிய ஒரு எழுச்சி.
புரோபை நகர்த்தினால் தணிந்து,
திரும்பி வந்தால் திரும்பி எழுந்தது.
எக்ஸ்ரே படத்திலும் இருந்தது, வேரில்,
ஒரு சீரக நீளம்.
கணக்கில் சேரும் நீளம்.

என் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
நவம்பர் பதினான்கு: தட்டு 31, முடிந்தது.
அவ்வளவுதான்.
யாராவது கதவைத் திறந்தார்களா,
கைபேசி அடித்து வில்லை நிறுத்தினேனா,
ஒன்றும் நினைவில்லை.
கேட்டு வாங்கிய மூன்றும் அங்குலம் பிசகாமல் நினைவிருக்கிறது.
நானாகச் செய்த ஒன்று இல்லை.

ரின்தலாவுக்கு எண்பத்தொன்று, தேர்ச்சி.
பதிவேட்டில் நாலாவது வரி ஏறியது.
இனி வருபவர்கள் அதையும் கண்டுபிடித்தாக வேண்டும்.

காப்பி ஆறிவிட்டது. நான் கேட்டேன்:
"இதற்கு முன்னால்?"

நாலு வருடமாகப் புழக்கத்தில் உள்ள தட்டு.
மூன்று மட்டும் எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவர்கள் அறுபத்து மூன்று பேர்.
அதில் ஒருத்தி இப்போது காகித ஆலைக் கொதிகலனில்,
இருவர் ஆலந்து போகும் பயணக்கப்பலின் அடிவயிற்றில்
குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்,
சட்டைப்பையில் நாங்கள் கொடுத்த அட்டையோடு.
கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்ப்பார்கள்,
சந்தேகமில்லை.
சரிபார்த்த அந்த மூன்று பேரும்
அப்படித்தான் பார்த்தார்கள்.

"அதுபற்றி விதியில் ஒன்றும் இல்லை" என்றாள் ஹன்னெலெ.
கோப்பைகளை அவளே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நேற்று புதுத் தட்டு ஒன்று,
பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன்.
கேட்டது இரண்டு பிழை.
இரண்டு செய்தேன்.
இரண்டு என்றுதான் நினைக்கிறேன்.