ஆறு மணி

துரோலாக் அரசாங்கக் கிளினிக்கில்
டாக்டர் நோராய்னி மலாயில் கேட்டார்:
தினமும் எத்தனை?
தூக்கத்தைக் கேட்கிறார் என்று நினைத்து
மூன்று என்றேன்.
அவர் போத்தல் என்று எழுதிக்கொண்டார்.
இரண்டுமே சரிதான்.

வெள்ளை மாத்திரை, முதலில் பாதி,
அப்புறம் முழுசு.
மூன்றாம் வாரம்
ஆ செங் கடை வாசலில் லாரியை நிறுத்தி
இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.
பின்னால் செம்பனைக் குலைகள் வேர்த்து நாறின.
பஸ்ஸில் வருகிறேன் என்ற ஆளுக்குக்
காத்திருப்பதுபோல்
தாகத்துக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.

சந்தோஷம் என்று சொல்ல முடியாது.
ஆறு மணிக்குக் கைகளை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சம்பளத்தன்று ஒரு டின் குடித்தேன்,
சும்மா, பார்க்க.
ஒன்றே மூன்றாய் ஏறியது.
கால்வாய் ஓரம் வாந்தி, ஒரு செருப்பைக் காணோம்.
அமிர்தவள்ளி கதவைத் திறந்தாள்,
எதுவும் கேட்கவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது இரவு பத்துக்கு
நாலாவது தே தாரிக், சீனி தூக்கலாய்.

அடுத்த தடவை சொல்லவேண்டும்:
குடி போகவில்லை, டாக்டர்,
குடி மாறியிருக்கிறது.

வரிசையில் எண்ணைப் பிடித்தபடி
யோசித்துக்கொண்டிருக்கிறேன்,
இதை மலாயில்
எப்படிச் சொல்வது.