காற்றைக் கேட்டவள்

மூன்றாம் நாளும் மூடுபனி கலையவில்லை.
கிரீன்லாந்தின் மேற்கு ஓரத்தில் எங்கள் ஊர்:
நாற்பத்தொன்பது பேர், ஒரு கடை, ஒரு மீன் கிடங்கு,
உள்ளே டீசல் அடுப்பு வாடை வீசும் ஒரு தேவாலயம்.
ஆஸ்பத்திரி என்றால்
ஹெலிகாப்டரில் ஒன்றரை மணி நேரம்.

சுகாதார நிலையத்தின் ஒரே கட்டிலில் உயார்னெக்.
மாரடைப்பு என்று சொல்ல டாக்டர் அவனைத் தொடவே இல்லை.
தூரத்து ஊரிலிருந்து திரையில் தெரிந்த முகம்
விட்டுவிட்டு உறைந்து நின்றது,
வாய் திறந்தபடி.
என் புருஷனின் உதடு
ஹாலிபட்டின் அடிவயிறு போல வெளுத்திருந்தது.

"காற்று வரவேண்டும்" என்றாள் செவிலி மரென்.
"வந்தால் பனி விலகும், பைலட் கிளம்புவார்."
வானிலை அறிக்கை போலத்தான் சொன்னாள்.
என் காதில் அது ஜெபக் குறிப்பாக விழுந்தது.

உபதேசியார் ஏனோக் மணியடித்தார்.
கிடங்கின் ரப்பர் பூட்ஸோடு,
செதில் ஒட்டிய கையோடு
முதல் வரிசையில் முழங்காலிட்டேன்.
கர்த்தாவே, காற்றைத் தாரும்.
அவ்வளவுதான்.
அலங்காரமாக ஜெபிக்க எனக்கு என்றுமே வராது.

பக்கத்தில் பொலெட்டே,
முழங்கை இடிக்கும் தூரத்தில்.
அவள் முணுமுணுப்பு எனக்குக் கேட்டது:
கர்த்தாவே, காற்றை அடக்கும்.

அப்போதுதான் நினைவு வந்தது.
அவள் மகன் சாலிக்
திங்கட்கிழமை சீல் வேட்டைக்குப் போனவன்.
எஞ்சின் நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னான்,
பிறகு பேசவில்லை.
பனிக்குள் எங்கோ, தட்டையான கடலில்,
ஒரு சின்னப் படகில் மிதந்துகொண்டிருப்பான்.
காற்று எழுந்தால்...

நான் எடை போடுகிறவள்.
இருபத்திரண்டு வருடம் கிடங்குத் தராசில்
ஒரு கிராம் கூட யாருக்கும் குறைத்ததில்லை.
அன்று
ஐம்பத்தாறு வயது இதயம் ஒரு தட்டில்,
பத்தொன்பது வயதுப் பையன் ஒரு தட்டில்.
என் தட்டை விரலால் அழுத்தினேன்.
இதை நான் ஏனோக்கிடம்கூடச் சொன்னதில்லை.

எல்லோரும் பரமண்டல ஜெபம் சொன்னோம்.
'சித்தம்' என்ற சொல் வந்த இடத்தில்
நாங்கள் இருவரும் வாய் மூடிக்கொண்டோம்.
மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.
பொலெட்டே திரும்பி என் பூட்ஸைப் பார்த்தாள்,
முகத்தைப் பார்த்தாள்.
நான் என்ன கேட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.
"நீ நிறுத்தாதே" என்றாள்.
"என்னையும் நிறுத்தச் சொல்லாதே."

விடியற்காலை மூன்றரைக்கு
ரேடியோக் கம்பி ஊளையிட ஆரம்பித்தது.
சந்தோஷப்பட்டேன்.
முழுசாக ஒரு நிமிடம்.

சிவப்பு ஹெலிகாப்டர் இறங்கியதும்
ஊர் நாய்களெல்லாம் சேர்ந்து கத்தின.
ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தைத் தூக்க
யாரோ கை கொடுத்தார்கள்.
பொலெட்டேதான்.
நான் கேட்டு வாங்கிய காற்று
அவள் தலைத்துணியைப் பிய்த்துக்கொண்டு போனது.
மேலே ஏறியபோது
கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாய் அலை.
ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை.
ஒவ்வொரு வெள்ளையையும்
படகா, படகா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

உயார்னெக் பிழைத்தான்.
இதயக் குழாயில் ஒரு சின்னக் கம்பிவலை,
நாளைக்கு ஐந்து மாத்திரை.
புகைக்கக் கூடாது என்றார்கள். புகைக்கிறான்.

சாலிக்கும் வந்தான்.
தெற்கே ஒரு பாறைத் தீவில்
காற்று அவனைக் கொண்டுபோய் எறிந்திருந்தது.
அடுத்த நாள் மாலை கண்டெடுத்தார்கள்.
வலது கையில் இரண்டு விரல் கறுத்திருந்தன.
வெட்டிவிட்டார்கள்.

"இரண்டு ஜெபத்தையும் கர்த்தர் கேட்டார்"
என்று பிரசங்கித்தார் ஏனோக்.
ஊர் ஆமென் சொன்னது.
பொலெட்டே சொன்னாள், நானும் சொன்னேன்.
பொய்யென்று தோன்றவில்லை.
முழுசென்றும் தோன்றவில்லை.

வேட்டையை விட்டுவிட்டான் சாலிக்.
இப்போது கிடங்கில் என்னோடுதான்.
நான் எடையை வாசிக்கிறேன்,
அவன் எழுதுகிறான்,
இடது கையால், கோணல் கோணலாக.

இரவில் ஜெபிக்கக் கை கோக்கும்போது
என் வலது கையில் இரண்டு விரல்
மடங்காமல் வெளியே நிற்கின்றன.
நானும் மடக்குவதில்லை.