கட்டு

முக்கூடலில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பத்து கம்ப்யூட்டர், ஏழு நாற்காலி, மூன்று முக்காலி.
எல்லாத் திரையிலும் வலது கீழ் ஓரத்தில்
பாத்திரத்தில் தேய்ந்த பேர் மாதிரி
மங்கலாய் ஒரு வரி.
'அது என்ன டீச்சர்?' என்று
ஆறு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
முப்புடாதி கேட்டாள், சேர்ந்த மூன்றாம் நாள்.
பீடி இலை வெட்டுகிற கண்ணுக்கு
ஓரம்தான் முதலில் தெரியும்.

'அது அப்படித்தான்' என்றேன் வகுப்பில்.
படியிறங்கும்போது அவள் காதில் மட்டும் சொன்னேன்:
காசு கொடுக்காமல் ஓட்டுகிறோம் என்று
கம்பெனிக்காரன் எழுதியிருக்கிறான்.
'அப்பம் நாங்க குடிக்கது களவு மாட்டுப் பாலா?'
சிரிக்காமல் கேட்டாள்.

கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் கணக்கு வைத்தேன்.
பத்துக்கும் உரிமம் வாங்கினால்
ஒரு வருஷத்து மாடி வாடகை போகும்.
இன்னொன்று இருக்கிறது அண்ணாச்சி,
கட்டற்ற மென்பொருள்.
காசும் வேண்டாம், களவும் வேண்டாம்.
அவர் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார்.
'சும்மா கெடைக்கதப் படிக்க எவ வருவா?
அம்பாசமுத்திரத்துல எந்த ஆபீஸ்லயும் கேளு,
அதத்தான கேக்கான்.'
அதுவும் பொய்யில்லை.

பலகையில் எழுதினேன்: கட்டற்ற.
மைதீன் பாத்து கை தூக்கினாள்.
'கட்டு இல்லைன்னா கூலி எப்படிப் போடுவாக?'
இருபத்தைந்து பீடி ஒரு கட்டு,
நாற்பது கட்டு ஆயிரம்,
ஆயிரத்துக்குத்தான் கூலி.
இந்தக் கட்டு பூட்டு மாதிரி என்றேன்.
'பணத்தக் கட்டுங்கதுலயும் அதே கட்டுதான'
என்று சூசையம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.
கம்ப்யூட்டர் வகுப்பில் அரைமணி நேரம்
தமிழ் வகுப்பாய்ப் போனது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டை மாற்றினேன்.
இரண்டுக்கு மட்டும் ரசீதோடு உரிமம் வாங்கினோம்,
ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்காக.
திங்கட்கிழமை கலவரம்.
பட்டன் எல்லாம் வீடு மாறியிருந்தன.
பழைய எழுத்துருவில் அடித்த கடுதாசிகள்
ஜுரத்தில் உளறின.
'தமிழ்' இருந்த இடத்தில்
ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி.
சூசையம்மாள் அழுதேவிட்டாள்,
மகனுக்கு ஸ்காலர்ஷிப் கேட்ட மனு அது.
மூன்று நாள் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினேன்.
நாலு இடத்தில் துணைக்கால் இன்னும்
தன் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது.
ரசீதுக் கம்ப்யூட்டர் இரண்டுக்கும்
தினம் காலையில் அடிபிடி.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முப்புடாதி சுவரோரத்து முக்காலியில்
ஒரு விரிதாள் போட்டாள்.
வாங்கிய இலை, வாங்கிய தூள், கொடுத்த கட்டு,
கழிவென்று ஏஜெண்டு தள்ளிய கட்டு.
நாலு மாசத்தை நோட்டைப் பார்த்து அடித்தாள்,
ஒற்றை விரலில்.
வாரத்துக்கு மூன்று கட்டு போகும்
என்றுதான் நினைத்திருந்தாள்.
சராசரி வந்தது.
பதினொன்று.
திரையில் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தாள்.

'இத பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போகலாமா டீச்சர்?'
எடுத்துக்கோ.
'எங்க தெருவுல குடுக்கலாமா?'
குடு.
'எத்தன பேருக்கு?'
கணக்கு இல்லை முப்புடாதி.
கணக்கு இல்லாத ஒன்றை
எந்த விரலால் பிடிப்பது என்பது போல
கொஞ்சம் நின்றாள்.
பிறகு முந்தியில் முடிந்துகொண்டாள்.

ஏஜெண்டு கடையில் என்ன பேசினாளோ தெரியாது.
ஒரு வாரம் இலை கொடுக்காமல்
உட்கார வைத்தார்கள் என்று கேள்வி.
அந்த ஒரு வாரமும் வகுப்புக்கு
முதல் ஆளாய் வந்தாள்.

என் வீட்டு லேப்டாப்பை நான் இன்னும் மாற்றவில்லை.
தம்பி ஏற்றிக் கொடுத்தது.
ராத்திரி வருகைப் பட்டியல் அடிக்கையில்
வலது ஓரத்தில் அதே மங்கல் வரி.
முப்புடாதி சந்தேகம் கேட்க வருகிற நாளில் மட்டும்
அந்த ஓரத்தை மறைத்து
தண்ணீர்ச் செம்பை வைக்கிறேன்.