ரசீது

மிசிசிப்பியில், கெளுத்தி மீன் ஆலையில்
தலை வெட்டும் வேலை லவோண்டாவுக்கு.
மணிக்குப் பத்து டாலர்.

பள்ளிக்கூடத்தில் இருந்த வாக்குச்சாவடியை
பதினெட்டு மைல் தள்ளி வைத்துவிட்டார்கள்.
பேருந்து போகாத சாலை.
டெல்ராயின் லாரியில் ஏழு பேர் போனார்கள்,
மீன் வாடை விரலைவிட்டுப் போகாமல்.

வரிசையில் நான்கு மணி நேரம்.
முன்னால் நின்றவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.
பின்னால் நின்றவன்
ஷிஃப்டுக்கு நேரமாச்சென்று திரும்பிவிட்டான்.

பட்டியலில் பெயரில்லை என்றார்கள்.
மறுபடி பாருங்கள் என்று
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்,
முள் எடுக்கிற பொறுமையோடு.
இருந்தது.

வெள்ளிக்கிழமை சம்பளத்தில்
ஐம்பத்தைந்து டாலர் குறைவு.
லாரிக்குப் பெட்ரோல் தனி.

ஓட்டுக்கு வரி கிடையாதாம், சட்டம் சொல்கிறது.

சம்பளச் சீட்டை அவள் கசக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில்
மேசைமேல் விரித்து வைத்தாள்:
"இந்தாங்க, ரசீது.
உங்களுடையதையும் எடுங்க."