பச்சை வயர் எங்கே போகிறது

பர்மிட்டில் என் பெயர் சலோமி.
ஆதாரில் சாலமி.
எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டில் அப்பா முன்னால் வந்து நிற்க
தேவசகாயம் சலோமி.
மூன்று பேரும் ஒருத்திதான் என்று
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
நோட்டரி முன்னால் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

புட்டசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
மெடிக்கல் சர்ட்டிபிகேட் பழசு, என்கிறார்.
போட்டோவில் காது தெரியவில்லை, என்கிறார்.
கடைசியில்,
"நாளெ பன்னி."

இந்த ஊரில் ஒரு காலத்தில்
கதவுகளில் சாக்பீஸால் எழுதி வைப்பார்களாம்,
நாளெ பா என்று.
ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட வரும் பேய்
படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம்,
மறுநாள் வந்து மறுபடி படிக்குமாம்.
எழுத்துக் கூட்டத் தெரிந்த பேய்.
என்னைப் போல ஐ.டி.ஐ. முடித்திருக்கும்.

பதினோரு வருஷம் முன்னால், வாய்மொழித் தேர்வு.
நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை.
கம்பத்தில் ஏறுவாயா, சேலையோடா, என்று கேட்டார் ஒருவர்.
மெகரைக் கொடுங்கள் சார், என்றேன்.
கொடுத்தார்கள்.
முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.
மாரிக்குப்பம் ரயிலில் திரும்பும்போது
அந்த அட்டையை யாருக்கும் காட்டவில்லை.
காட்டினால் தேய்ந்துவிடும் போல இருந்தது.

தேய்த்தது நான்தான்.

கங்காதரப்பா, காண்ட்ராக்டர்.
கையெழுத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு.
கட்டடத்தை நீங்க பார்க்க வேணாம் மேடம்,
டிராபிக்கில் எதுக்கு, என்பார்.
மேடம் என்று வேறு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.
ஏழு ரிப்போர்ட். ஏழிலும் எர்த்
ஒன்று புள்ளி இரண்டு ஓம்.
மண் மாறும், மழை மாறும், என் ஓம் மாறாது.
அந்தப் பணத்தில் வாஷிங் மெஷின் வாங்கினேன்.
நல்ல மெஷின். இன்றைக்கும் ஓடுகிறது.

ஆறாவது ரிப்போர்ட், ஹூடியில் பெண்கள் பி.ஜி.
ஐந்து மாடி, பதினாறு கீசர்.
செப்டம்பரில் ஒரு பெண்ணைக் குழாய் பிடித்துக்கொண்டது.
பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல் கறுத்துப்போனது.
பேப்பரில் வரவில்லை, என்னைத் தேடி யாரும் வரவில்லை.
வயரிங் பையன்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்,
என் கிளாஸில் டீ அப்படியே இருந்தது.

கூப்பிடாமலே போனேன்.
இரண்டாம் மாடியில் பெட்டியைத் திறந்தேன்.
பச்சை வயர் ஒழுங்காகத்தான் கிளம்பியிருந்தது,
கீசரிலிருந்து பிளக், பிளக்கிலிருந்து சுவர்.
சுவருக்குள் ஒரு சாண் போய்
நின்றுவிட்டது.
சிமெண்டுக்குள், வெட்டின முனையோடு.
எர்த் குழி என்று நான் எழுதிக்கொடுத்த இடத்தில்
யாரோ கோலம் போட்டிருந்தார்கள்.
கரண்ட்டுக்குத் தரை வேண்டும்.
நாம் காட்டாவிட்டால் கேட்காமல் தேடிக்கொள்ளும்,
ஈரக் கை வழியாக, வெறுங்கால் வழியாக.

ரினியூவல் படிவத்தில் பதினான்காவது கட்டம்:
தங்கள் மேற்பார்வையில் விபத்து ஏதும் நேர்ந்ததா?
அரை அங்குல இடம்.
பொடி எழுத்தில் எல்லாவற்றையும் எழுதி,
ஓரத்திலும் எழுதித்தான் கொடுத்தேன்.
புட்டசாமி சார் அதைப் படிக்கவில்லை.
காதைப் பார்த்தார்.

முப்பத்தொன்றோடு பர்மிட் முடிந்தது.
சட்டப்படி இன்றைக்கு நான் வெறும் சலோமி,
அல்லது சாலமி.
ஆபீஸிலிருந்து நேராக ஹூடி.
ஓனர் போனில் கத்திக்கொண்டே இருக்கிறார்,
வாட்ச்மேன் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள
பதினாறு எம்.சி.பி.யையும் கழற்றிப் பையில் போட்டேன்.
பை கனக்கிறது.

தர்மபுரிப் பெண் ஒருத்தி துண்டும் தோளுமாய் வந்து
சுடுதண்ணி எப்பக்கா வரும், என்கிறாள்.
நாளைக்கு, என்று சொல்ல வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.

தெரியலம்மா.
பச்சைத் தண்ணியில குளி.